யாரிடம் சொல்வது? கூடுகைகளில் தொல்லையைத் தடுக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஒரு கூடுகையின் இரண்டாம் நாள் மாலை. நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். முதல் முறையாக வந்திருந்த ஒரு பெண் பதிவு மேசைக்கு வந்து, "ஒரு விஷயம் சொல்லணும், யாரிடம் சொல்வது?" என்று கேட்டார். மேசையில் இருந்த தன்னார்வலர் மேடைப் பக்கம் கைகாட்டினார். மேடையருகே இருந்தவர், "தலைமை ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்" என்றார். தலைமை ஒருங்கிணைப்பாளர் விருந்தினரை வழியனுப்பப் போயிருந்தார். நான் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தேன். விதிகளை எழுதிய குழுவில் நானும் ஒருத்தி. ஆனால் அது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். என்ன நடந்தது என்பது மூன்று வாரம் கழித்து, வேறொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பெண் அதன்பின் எந்தக் கூடுகைக்கும் வரவில்லை.

இத்தனைக்கும் எங்களிடம் இரண்டு பக்க நடத்தை விதிகள் இருந்தன. கவனமாக எழுதிய விதிகள்தான்.

அதிலிருந்து, எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். ஒருவருக்கு ஏதோ நடந்துவிட்டது. அன்றைக்கே ஏதாவது செய்யும் அதிகாரம் உள்ள ஒரு மனிதரை அவர் எத்தனை பேரைத் தாண்டி அடைய வேண்டும்? தன்னார்வலர்களே நடத்தும் கூடுகைகளில் இன்று பழக்கத்தில் உள்ள வழிகளை இந்தக் கேள்வியை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தொல்லை என்று நான் சொல்வதில் பாலியல் சீண்டல் மட்டும் அடங்காது. வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்வது, கேட்காமல் படம் எடுப்பது, பிறப்பையோ உடலையோ மொழியையோ வைத்து இழிவுபடுத்துவது, மிரட்டுவது எல்லாமே சேர்த்தி. பாதிக்கப்படுவது பெண்கள் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம்.

விதிகள்: ஒற்றை வரியா, பட்டியலா

"எல்லோரும் ஒருவரையொருவர் மதித்து நடப்போம்" என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் ஒரு பக்கம். எதெல்லாம் கூடாது என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுபவர்கள் மறுபக்கம். ஒற்றை வரிக்காரர்களின் வாதம் எனக்குப் புரிகிறது. வருகிறவர்களை வாசலிலேயே குற்றவாளிகளைப் போல நடத்தக் கூடாது, பட்டியல் போட்டால் அதில் இல்லாததைச் செய்ய வழி தேடுவார்கள் என்பார்கள். ஆனால் மதிப்பு என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள். தோளில் கைபோட்டுப் பேசுவதை அன்பு என்றே நினைக்கிறவர் உண்டு. அவரிடம் போய், "நீங்கள் மதிக்கவில்லை" என்றால் விவாதம்தான் நடக்கும். "அனுமதி இல்லாமல் தொடுவது இங்கே கூடாது" என்று எழுதியிருந்தால் விவாதத்துக்கு இடமில்லை.

மென்பொருள் மாநாடுகளின் உலகம் இந்தப் பாடத்தைச் சற்று முன்னதாகவே கற்றது. வலேரி அரோராவும் மேரி கார்டினரும் 2011-ல் தொடங்கிய அடா இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு, குறிப்பிட்ட நடத்தைகளைப் பெயர் சொல்லித் தடுக்கும் விதிகளை மாநாடுகள் ஏற்க வேண்டும் என்று பிரசாரம் செய்தது. 2015-ல் அந்த அமைப்பு மூடப்பட்டபோது, இப்படிப்பட்ட விதிகள் அந்த வட்டாரத்தில் பரவலாகியிருந்தன. அதற்கு ஒரு காரணம் பணம். பைதான் என்ற நிரல்மொழியைப் பேணும் பைதான் மென்பொருள் அறக்கட்டளை, நடத்தை விதிகள் இல்லாத மாநாடுகளுக்கு இனி நிதி தருவதில்லை என்று 2012-ல் முடிவெடுத்தது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல் நிதி தருபவர்கள் ஒரு நிபந்தனை வைத்தால் காரியம் எவ்வளவு வேகமாக நகரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு: இணையத்தில் கிடைக்கும் விதிகளை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வது. பலரும் எடுப்பது கன்ட்ரிபியூட்டர் கவனன்ட். கோரலைன் அடா எம்கே 2014-ல் எழுதியது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை எழுதும் திட்டமும் 2018-ல் அதை ஏற்றுக்கொண்டது. நல்ல ஆவணம்தான், ஆனால் அது இணையவழியில் ஒன்றுகூடி மென்பொருள் எழுதும் குழுக்களை மனதில் வைத்து எழுதியது. நேரில் கூடும் இடத்தில் வரும் சிக்கல்கள் வேறு. புகைப்படம், தங்கும் அறை, இரவு விருந்து, ஒரே வண்டியில் திரும்பிப் போவது, இருட்டான வாகன நிறுத்துமிடம், இதெல்லாம் அதில் இருக்காது. எடுத்து ஒட்டுவதில் தவறில்லை. ஒட்டிய பிறகு உங்கள் கூடுகையின் ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை மனதில் ஓட்டிப் பார்த்து, விடுபட்டதைச் சேருங்கள்.

விதிகள் எதுவரை செல்லும் என்பதையும் எழுத வேண்டும். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை அரங்குக்குள் நடந்தவை அல்ல. நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன இடத்தில், அல்லது அடுத்த நாள் வாட்ஸ்அப் குழுவில் எடுத்த எண்ணுக்கு வந்த செய்திகளில் நடந்தவை. "அது எங்கள் நிகழ்ச்சி இல்லையே" என்று ஒருங்கிணைப்பாளர்கள் கைகழுவும் இடமும் அதுதான். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் குழு 2021-ல் ஏற்ற பொது நடத்தை விதிகள், இணையத்தில் நடப்பதற்கும் நேரடிக் கூட்டங்களுக்கும் சேர்த்தே பொருந்தும். அந்த அணுகுமுறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. உங்கள் கூடுகையில் கிடைத்த அறிமுகத்தை வைத்துத் தொல்லை கொடுத்தால், அது உங்கள் கூடுகையின் விஷயம்தான்.

எழுதிய விதிகளை எங்கே வைப்பது என்பது தனிக் கேள்வி. நியூயார்க் காமிக் கான் என்ற படக்கதை ரசிகர் மாநாடு 2014-ல் ஒரு காரியம் செய்தது. கதாபாத்திரங்களைப் போல உடையணிந்து வருகிறவர்களைத் தொடுவதும், கேட்காமல் படம் எடுப்பதும் அங்கே நெடுநாள் பிரச்சினை. வேடம் அணிந்திருப்பது சம்மதம் ஆகாது என்ற வாசகத்தைப் பெரிய பலகைகளாக எழுதி அரங்கில் நிறுத்திவைத்தார்கள். இணையதளத்தின் அடியில் உள்ள ஒரு சுட்டியை யாரும் சொடுக்குவதில்லை. உள்ளே நுழையும்போது கண்ணெதிரே நிற்கும் பலகையைப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான் கேட்பது அதோடு இன்னொன்று. பலகையில் விதி மேலே, புகார் எண் கீழே என்று எழுதுகிறோமே, அதை மாற்றிப் போடுங்கள். யாரைக் கூப்பிட வேண்டும் என்பது முதல் வரியில் வரட்டும்.

புகார் யாரிடம் போகிறது

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் கவலைப்படும் பகுதி இது. நான்கைந்து வழிகள் போட்டியில் உள்ளன.

முதலாவது, தலைமை ஒருங்கிணைப்பாளரே எல்லாப் புகாரையும் கேட்பது. சிறிய குழுக்களில் இயல்பாக நடப்பது இதுதான். அவருக்கு அதிகாரம் உண்டு, எல்லோருக்கும் அவர் முகம் தெரியும். என் கேள்விக்கு அருமையான பதில் போலத் தோன்றும்: ஒரே ஆள், நேரடி வழி. ஆனால் நிகழ்ச்சி நாளன்று அந்த ஒருங்கிணைப்பாளரைப் போல வேலை நெருக்கடியில் இருப்பவர் வேறு யாரும் இல்லை. மைக் வேலை செய்யவில்லை, பேச்சாளர் வரவில்லை, மின்சாரம் போய்விட்டது என்று பத்துப் பேர் அவரைத் துரத்திக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பதினோராவது ஆளாக நின்று, நடுங்கும் குரலில், "என்னை ஒருவர்..." என்று ஆரம்பிக்க யாருக்குத் துணிவு வரும்?

அதைவிடப் பெரிய சிக்கல் நட்பு. புகாருக்கு உள்ளானவர் பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். எங்களுக்கே நடந்தது. ஒரு முறை புகார் வந்தது எங்கள் முக்கியப் பேச்சாளர் மீது. நிதியுதவி பெற்றுத் தந்தவரும் அவர்தான். நாங்கள் ஒரு அறையில் உட்கார்ந்து ஐந்து மணி நேரம் பேசினோம். அந்த ஐந்து மணி நேரத்தில் பெரும்பகுதி, அவர் எவ்வளவு நல்லவர் என்பதைப் பற்றியே போனது. புகார் சொன்னவர் அதற்குள் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார். யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை; எங்களுக்கு அந்த மனிதரைத் தெரியும், புகார் சொன்னவரைத் தெரியாது. அவ்வளவுதான் காரணம். அதனால்தான் அது ஆபத்து.

இரண்டாவது வழி, மூன்று பேர் கொண்ட ஒரு குழு. ஒருவருக்கு நெருக்கமானவர் மீது புகார் வந்தால் அவர் விலகிக்கொள்ளலாம், மற்ற இருவர் பார்ப்பார்கள். மூவரும் ஒரே பாலினமாகவோ ஒரே நண்பர் வட்டமாகவோ இல்லாமல் பார்த்துக்கொண்டால், புகார் சொல்பவருக்குத் தேர்ந்தெடுக்க வழி கிடைக்கும். இந்த ஏற்பாட்டின் பலவீனம் வேகம். "மூவரும் கூடித்தான் முடிவெடுப்போம்" என்றால் அன்று மாலைக்குள் எதுவும் நடக்காது. இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒருவரைச் சற்று நேரம் அரங்கிலிருந்து விலகியிருக்கச் சொல்வது, இருக்கை மாற்றுவது, ஒருவரைப் பத்திரமாக வண்டியேற்றிவிடுவது போன்ற உடனடிக் காரியங்களைக் குழுவில் யாராவது ஒருவரே செய்யலாம், இறுதி முடிவுக்கு மட்டும் மூவரும் கூடினால் போதும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. நாங்கள் இதற்குத்தான் மாறினோம்.

மூன்றாவது, பெயர் சொல்லாமல் நிரப்பும் இணையப் படிவம். இளையவர்கள் பலருக்கு இதுதான் பிடிக்கிறது. முகம் பார்த்துச் சொல்ல முடியாத விஷயத்தைத் தட்டச்சு செய்துவிடலாம். நானும் ஆரம்பத்தில் இதை மிகவும் நம்பினேன். ஆனால் ஒரு சனிக்கிழமை மதியம் நிரப்பிய படிவத்தை யாராவது திங்கட்கிழமை காலையில் திறந்து பார்த்தால், அந்தப் படிவத்தால் சனிக்கிழமை இரவு என்ன பயன்? அதோடு, பெயரும் தொடர்பு எண்ணும் இல்லாத புகாரில் மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. படிவம் இருக்கட்டும். நிரப்பியவுடன் யாருடைய கைபேசியாவது ஒலிக்கும்படி அமையுங்கள். தொடர்பு விவரம் கட்டாயமில்லை, தந்தால் இன்னின்ன உதவி செய்ய முடியும் என்பதையும் எழுதுங்கள்.

நான்காவது, வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கொண்டுவருவது. நட்புச் சிக்கல் அறவே இல்லை, அனுபவமும் உண்டு. பெரிய மாநாடுகளுக்கு இது பொருந்தும். சிறிய கூடுகைகளுக்குச் செலவு ஒரு தடை. அதைத் தாண்டியும் ஒரு குறை தெரிகிறது: நிபுணர் கேட்பார், எழுதுவார், பரிந்துரைப்பார், ஆனால் "இன்று நீங்கள் கிளம்பலாம்" என்று ஒருவரிடம் சொல்லும் அதிகாரம் பெரும்பாலும் அவருக்குத் தரப்படுவதில்லை. அதிகாரத்தைச் சேர்த்துத் தருவதானால் தாராளமாக அழைக்கலாம்.

ஐந்தாவது ஒன்று உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாதது. புகாரை மூடி முத்திரையிட்டு ஓரிடத்தில் ஒப்படைத்து வைப்பது. அதே நபர் மீது இன்னொருவரும் புகார் தந்தால்தான் முத்திரை உடையும். இயன் ஏர்ஸ், கேட் உன்கோவிக் என்ற இருவர் இந்த யோசனையை 2012-ல் ஒரு சட்ட ஆய்விதழில் விரிவாக எழுதினார்கள். காலிஸ்டோ என்ற அமைப்பு அதை மென்பொருளாக்கி அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் கொண்டுசென்றது. இதன் அடிப்படையில் ஆழமான ஒரு புரிதல் இருக்கிறது. பலரும் புகார் சொல்லத் தயங்குவது, "நான் ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்" என்ற அச்சத்தால்தான். இரண்டாவது ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் முதல் ஆளுக்குக் குரல் வரும். குறை என்னவென்றால், இரண்டாவது ஒருவர் பாதிக்கப்படும்வரை முதலாமவருக்கு ஒன்றும் நடக்காது. அன்றைய இரவுக்கு இது உதவாது.

ஆனாலும் இதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்ள மென்பொருள் எதுவும் தேவையில்லை. எங்கள் குழு புகாரைக் கேட்கும்போது இப்போது மூன்று தேர்வுகளைத் தருகிறது: இப்போதே ஏதாவது செய்யுங்கள்; யோசித்துச் சொல்கிறேன்; பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள், வேறு யாராவது இவரைப் பற்றிச் சொன்னால் எனக்குத் தெரிவியுங்கள். மூன்றாவது தேர்வு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சிலர் வாயே திறந்தார்கள். உடைந்த படி என்று ஒரு உவமை சொல்வார்கள். வீட்டில் ஒரு மாடிப்படி உடைந்திருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் அதைத் தாண்டிக் கால் வைக்கப் பழகிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்தான் விழுவார். பல குழுக்களில் "அவரோடு தனியாகப் போகாதே" என்று காதோடு காதாகச் சொல்லிக்கொள்வது இந்தப் பழக்கம்தான். எங்கள் கூடுகைக்கு முதல் முறை வந்த அந்தப் பெண்ணின் காதில் அதைச் சொல்ல யாரும் இல்லை. எழுதிவைத்த பதிவு அந்தப் படியைச் சரிசெய்ய உதவும். காதுப் பேச்சு உதவாது.

களத்தில் நிற்பவர்கள்

இதில் போட்டி பவுன்சர்களுக்கும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களுக்கும். பவுன்சரால் ஒருவரை வெளியேற்ற முடியும். அழுதுகொண்டிருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது அவர் வேலை இல்லை. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் இசை விழாக்களிலும் கேளிக்கைக் கூடங்களிலும் 'அவேர்னஸ் டீம்' என்ற ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. எளிதில் அடையாளம் தெரியும்படி உடையோ பட்டையோ அணிந்து, இருவர் இருவராகச் சுற்றிவருவார்கள். அமைதியாக உட்கார ஓரிடம் வைத்திருப்பார்கள். பாதிக்கப்பட்டவர் என்ன விரும்புகிறார் என்பதை முதலில் கேட்டு, அதன்படி நடப்பதுதான் அவர்களின் அடிப்படை. தேவைப்பட்டால் காவலர்களை அழைப்பார்கள். இந்த வரிசைதான் சரி: முதலில் கேட்பவர், பின்னால் பலம். எண்ணிக்கை குறைவாக உள்ள கூடுகையில் இரண்டே பேர் போதும். ஆனால் அந்த இருவருக்கும் அன்று வேறு எந்த வேலையும் தரக் கூடாது, அவர்கள் குடித்திருக்கவும் கூடாது.

ரகசியச் சொல் என்ற வழியும் பிரபலம். இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் 2016-ல் தொடங்கியது 'ஏஞ்சலாவைக் கேளுங்கள்' என்ற பிரசாரம். மதுக்கூடப் பணியாளரிடம் போய், "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்டால், இவருக்கு உதவி தேவை என்று புரிந்துகொண்டு அமைதியாக வெளியே அழைத்துப்போவார்கள். நல்ல யோசனை. ஆனால் அது முழுக்க முழுக்கப் பணியாளரின் பயிற்சியில் நிற்கிறது. "ஏஞ்சலாவா? அப்படி யாரும் இல்லையே" என்று ஒரு புதிய தன்னார்வலர் சத்தமாகச் சொல்லிவிட்டால், கேட்டவர் முன்பைவிட மோசமான இடத்தில் மாட்டிக்கொள்வார். வருடம் ஒரு முறை கூடும் குழுக்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்

புகார் அமைப்பை மட்டும் நம்புவதா, கூட்டத்தில் இருக்கும் எல்லோரையும் பழக்குவதா? இரண்டாவதற்கு எதிராக வரும் வாதம், "இவ்வளவு பேர் இருக்கும்போது யாராவது தலையிட மாட்டார்களா" என்பது. கூட இருப்பவர்கள் பெருகப் பெருக ஒவ்வொருவரும் தலையிடும் வாய்ப்பு குறையலாம் என்பதைத்தான் ஒரு புகழ்பெற்ற ஆய்வு காட்டியது. உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968-ல் வெளியிட்ட சோதனையில், தனித்தனி அறைகளில் இருந்தவர்கள், வேறொரு அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதை ஹெட்போன் வழியாகக் கேட்டார்கள். தான் மட்டுமே கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அவருடைய குரல் அடங்குவதற்குள் உதவிக்கு ஓடினார்கள். இன்னும் நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான் அப்படி ஓடினார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

அதனால் பொதுவாக "எல்லோரும் கவனமாக இருங்கள்" என்று மேடையில் அறிவிப்பதைவிட, என்ன செய்யலாம் என்று கையில் எடுத்துக் கொடுப்பது நல்லது. முன்பு ஹாலபேக் என்றும் இப்போது ரைட் டு பி என்றும் அறியப்படும் அமைப்பு ஐந்து வழிகளைக் கற்றுத்தருகிறது: பேச்சைத் திசைதிருப்புவது, வேறொருவரைத் துணைக்கு அழைப்பது, நடப்பதைப் பதிவு செய்வது, பிறகு போய் "நலமா" என்று கேட்பது, நேரடியாக "நிறுத்துங்கள்" என்று சொல்வது. எல்லோராலும் கடைசியதைச் செய்ய முடியாது. முதலாவதை யாராலும் செய்ய முடியும். "உங்களை அங்கே தேடுகிறார்கள், கொஞ்சம் வரீங்களா?" என்று ஒருவரைக் கூட்டத்திலிருந்து கழற்றி அழைத்து வந்தால் போதும், பாதி ஆபத்து அங்கேயே முடிந்துவிடும். பதிவு செய்வதில் மட்டும் ஒரு எச்சரிக்கை: எடுத்த வீடியோ பாதிக்கப்பட்டவருக்குச் சொந்தம். அவரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

முடிவெடுக்கும்போது

புகார் வந்தாயிற்று, கேட்டாயிற்று. அப்புறம்? இங்கே மூன்று கட்சிகள்: ஒரே தவறுக்கும் நிரந்தரத் தடை என்பவர்கள், படிப்படியாகப் போகலாம் என்பவர்கள், இருவரையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கலாம் என்பவர்கள்.

நிரந்தரத் தடைக் கொள்கை காகிதத்தில் மிக வலுவாகத் தெரியும். அது நடைமுறையில் எப்படி முறிகிறது என்பதற்கு ரீடர்கான் ஒரு பாடம். அமெரிக்காவில் நடக்கும் அறிபுனை இலக்கிய மாநாடு அது. தொல்லை கொடுத்தவருக்கு நிரந்தரத் தடை என்பது அவர்களின் கொள்கை. 2012-ல் ஒரு புகார் உண்மை என்று உறுதியானது. ஆனால் தவறு செய்தவர் அந்த வட்டாரத்தில் அறியப்பட்டவர், வருத்தமும் தெரிவித்தார் என்பதால், நிர்வாகக் குழு இரண்டு ஆண்டுத் தடையோடு நிறுத்திக்கொண்டது. பெரும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் முடிவு மாற்றப்பட்டு நிரந்தரத் தடை விதிக்கப்பட்டது. நிர்வாகக் குழு முழுவதும் பதவி விலகியது. எழுதிய விதியைத் தெரிந்தவருக்காக வளைத்தால், விதியே இல்லாததைவிட அதிகக் கோபமும் காயமும் வரும்.

இந்தக் கொள்கைக்கு இன்னொரு பக்கவிளைவு உண்டு. சிறிய விஷயங்களைச் சொல்ல யாரும் வரமாட்டார்கள். "அவர் திரும்பத் திரும்ப என் உடையைப் பற்றியே பேசுகிறார், சங்கடமாக இருக்கிறது" என்று சொன்னால் அந்த மனிதரின் வாழ்நாள் தடைக்குத் தானே காரணமாகிவிடுவோமோ என்று தயங்குவார்கள். அது வளர்ந்து பெரிதான பிறகுதான் நம் காதுக்கு வரும்.

அதனால் நான் படிப்படியான முறையின் பக்கம். கன்ட்ரிபியூட்டர் கவனன்டின் இரண்டாம் பதிப்பில், ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் விதிகளைத் தழுவி நான்கு படிகள் சேர்க்கப்பட்டன: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. எல்லோரும் முதல் படியில்தான் தொடங்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. உடலைத் தொட்ட அத்துமீறல், மிரட்டல், பின்தொடர்தல் நேராகக் கடைசிப் படிக்குப் போகலாம், போக வேண்டும். எந்த நடத்தைக்கு எந்தப் படி என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே, யாருடைய முகமும் மனதில் இல்லாதபோதே எழுதிவைப்பதுதான் முக்கியம். அப்படி எழுதிவைத்திருந்தால் எங்கள் அந்த ஐந்து மணி நேரக் கூட்டம் அரை மணியில் முடிந்திருக்கும்.

பேசித் தீர்ப்பது பற்றி: இது பண்பானதாகத் தெரிவதால் நல்லவர்கள் பலர் இதை நோக்கித்தான் போகிறார்கள். "இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்துவிட்டேன்" என்று பெருமையோடு சொன்ன ஒருங்கிணைப்பாளரை எனக்குத் தெரியும். பாதிக்கப்பட்டவர் கோணத்தில் பாருங்கள். தன்னைப் பயமுறுத்தியவர் எதிரே உட்கார வேண்டும். அவர் மன்னிப்புக் கேட்பார். அறையில் உள்ள எல்லோரும் இவர் வாயைப் பார்ப்பார்கள். "பரவாயில்லை" என்று சொல்லாவிட்டால் இவர்தான் கடினமானவர். இதில் சுமை முழுவதும் யார் தலையில் விழுகிறது? பாதிக்கப்பட்டவரே கேட்டால், நாட்கள் கழித்து, அதற்கென்று பயிற்சி பெற்றவர் நடத்தினால், இதற்கு ஓர் இடம் உண்டு. நிகழ்ச்சி நடக்கும் நாளில் ஒருபோதும் கூடாது. மன்னிப்புக் கடிதத்தைக்கூட, "வாங்கிக்கொள்ள விருப்பமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

புகாருக்கு உள்ளானவருக்கு நியாயம் வேண்டாமா என்ற கேள்வி சரியான கேள்வி. அவர் தரப்பைத் தனியே கேட்க வேண்டும், கேட்டதை எழுத வேண்டும். உண்மை தெளியும்வரை எடுக்கும் நடவடிக்கைகள் திரும்பப் பெறக்கூடியவையாக இருக்கட்டும்: "இன்று மாலை நிகழ்ச்சிக்கு மட்டும் வர வேண்டாம், நாளை காலை பேசுவோம்" என்பதில் யாருடைய வாழ்வும் பாழாகாது. அதே நேரம், நாம் நீதிமன்றம் இல்லை. யாரையும் சிறைக்கு அனுப்பும் முடிவை நாம் எடுப்பதில்லை. நாம் அழைத்த கூட்டத்துக்கு யார் வரலாம் என்பதை மட்டும்தான் தீர்மானிக்கிறோம். அதற்கு நீதிமன்ற அளவு சாட்சியம் தேவை என்று காத்திருந்தால் எதுவும் செய்ய முடியாது. குற்றம் என்ற அளவுக்குப் போன விஷயத்தில் காவல்துறைக்குப் போவதா என்ற முடிவு பாதிக்கப்பட்டவருடையது. தடுக்கவும் கூடாது, வற்புறுத்தவும் கூடாது, போனால் கூடவே போக வேண்டும். சிறார் சம்பந்தப்பட்டிருந்தால் மட்டும் அது நம் விருப்பத்துக்கு உட்பட்டதல்ல. தெரிவித்தே ஆக வேண்டும் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன. உங்கள் இடத்தின் சட்டத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே சொல்வதா

பைதான் நிரலாளர்கள் கூடும் பைகான் மாநாட்டில் 2013-ல் நடந்ததைப் பலர் மறந்திருக்கலாம். தனக்குப் பின்வரிசையில் இருந்தவர்கள் இரட்டை அர்த்தத்தில் பேசியதாகச் சொல்லி, ஒரு பெண் அவர்களைப் படம் எடுத்து ட்விட்டரில் போட்டார். ஒருங்கிணைப்பாளர்கள் உடனே வந்து பேசினார்கள். ஆனால் படம் அதற்குள் பரவிவிட்டது. படத்தில் இருந்தவர்களில் ஒருவர் வேலை இழந்தார். அந்தப் பெண்ணுக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்தன, அவரும் வேலை இழந்தார். இதை வைத்து "அவர் பொதுவில் போட்டிருக்கக் கூடாது" என்று முடிப்பது எளிது. என் மனதில் நிற்பது வேறு. பொதுவில் போடுவதைவிடச் சுலபமான, நம்பிக்கையான வழி கையருகே இருந்தால்தான் மக்கள் அதை எடுப்பார்கள். இன்று எக்ஸ் என்று பெயர் மாறிவிட்ட ட்விட்டர் எப்போதும் கையருகே இருக்கிறது.

மறு எல்லை, எதையும் வெளியே சொல்லாமல் அமுக்குவது. அது புகார் சொன்னவரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு பெரும்பாலும் குழுவின் பெயரைத்தான் காக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழக்கம் மென்பொருள் மாநாடுகளில் வந்திருக்கிறது. நிகழ்ச்சி முடிந்தபின், எத்தனை புகார்கள் வந்தன, எந்த வகை, என்ன செய்தோம் என்று பெயர்கள் இல்லாமல் ஓர் அறிக்கை வெளியிடுகிறார்கள். ஆயிரம் பேர் கூடும் இடத்தில் இது சரி. அறுபது பேர் கூடும் இடத்தில் பெயர் இல்லாவிட்டாலும் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் வெளியிடும் முன் அந்த வாக்கியங்களைப் புகார் சொன்னவரிடம் காட்டுகிறோம். ஒருவர் ஒரு முறை, "மதிய உணவு நேரத்தில்" என்ற மூன்று சொற்களை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்தோம்.

அறுபது பேர், ஒரே நாள், கையில் காசில்லாத குழு என்றால் இதில் எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: பெயர் சொல்லும் ஒரு பக்க விதிகள், வாசலில் பலகை, வேறு வேலை இல்லாத இரண்டு பேர், முன்பே எழுதிய படிகள், "பதிவு மட்டும்" என்ற தேர்வு. பேட்ஜின் பின்புறம் ஒரே ஒரு தொலைபேசி எண். நாங்கள் இப்போது கதவு திறக்க அரை மணி நேரம் முன்பு, குழுவில் இல்லாத ஒருவரை விட்டு அந்த எண்ணை அழைத்துப் பார்க்கிறோம். கடந்த முறை அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை. கைபேசி வேறு அறையில் சார்ஜில் கிடந்தது. எடுத்து வந்து, ஒலியைக் கூட்டி, பொறுப்பாளர் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி அழைத்தோம். இரண்டாவது மணியில் எடுத்தார். அதன்பிறகுதான் கதவைத் திறந்தோம்.